பால் பவுடரும் ஓட்ஸ் பாலும்

நான் புறப்பட்ட மாவட்டம் இப்போது இல்லை. போய் இறங்கிய நாடும் இல்லை. 1986 ஜூன் மாதம் என் சூட்கேஸ் மூடியில் அப்பா கோந்து தடவி ஒட்டிய சீட்டில், புறப்படும் இடம் 'கடலூர், தென்னாற்காடு மாவட்டம்' என்றும், போகும் இடம் 'ஹைடல்பெர்க், மேற்கு ஜெர்மனி' என்றும் இருந்தது. மேற்கு ஜெர்மனி 1990-ல் கிழக்கோடு சேர்ந்து ஒன்றாகிவிட்டது. தென்னாற்காடு 1993-ல் பிரிந்து இரண்டாகிவிட்டது. சூட்கேஸ் மட்டும் ஒட்டாமல் பிரியாமல் பரணில் கிடந்தது.

2024 ஜூலையில் தம்பி மகள் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது அதை இறக்கித் துடைத்து, "இத எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டேன்.

"பெரியப்பா, இது காலியாவே ஏழு கிலோ இருக்கும்" என்றாள்.

அவள் போன பிறகு நிறுத்துப் பார்த்தேன். எட்டு.

1986-ல் நான் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எந்த மொழியின் எந்த ஒலியைச் சொன்னாலும் நாக்கு எங்கே போகும், உதடு எப்படிக் குவியும் என்று படம் போட்டுக் காட்டுவேன். அந்த மொழியில் ஒரு வாய் தண்ணீர் கேட்கச் சொன்னால்தான் கஷ்டம். இந்தத் தகுதியோடு மாணவர் குழு ஒன்றில் இடம் கிடைத்தது. மூன்று வாரம். ஆளுக்கொரு ஜெர்மன் வீட்டில் தங்க வேண்டும். அதற்கு 'ஹோஸ்ட் ஃபேமிலி' என்று பெயர்.

"ஹோஸ்ட் ஃபேமிலின்னா? பேயிங் கெஸ்ட்டா?" என்றார் அப்பா.

"பே பண்ண வேணாம்ப்பா. சும்மா வெச்சிப்பாங்க."

"முன்னப்பின்ன தெரியாத பையனுக்கு மூணு வாரம் சும்மா சோறு போடறாங்களா? எதுக்கு?"

எனக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்பாவே ஒரு முடிவுக்கு வந்தார். "வடலூர் மாதிரின்னு சொல்லு." வடலூர் தருமச்சாலையில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, ஊர், பேர் கேட்காமல் இலை போடுகிறார்கள். ஜெர்மனியிலும் ஒரு வடலூர் இருக்கிறது என்று தெரிந்ததும் அப்பா சமாதானமாகிக் கையெழுத்துப் போட்டார். சைவச் சாப்பாடு கிடைக்கும் என்பதும் அந்தக் கையெழுத்தில் அடக்கம். வடலூர் என்றால் அதுதானே.

தாத்தாவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அவர் வெளிநாடு பார்த்தவர். 1954 நவம்பர் வரை, எங்கள் ஊர் எல்லையில் ஆல்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம். காலையில் வெளிநாடு போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிய தலைமுறை அது. "சுங்கச்சாவடியில மட்டும் வாயத் தொறக்காத" என்பது அவர் எனக்குச் சொல்லியனுப்பிய ஒரே புத்திமதி.

ஐரோப்பா என்றால் பனி. இதில் எங்கள் தெருவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. திருப்பாதிரிப்புலியூர் தையல்காரர் ஒருவர் கம்பளித் துணியில் எனக்கு ஒரு கோட் தைத்தார். அதுவரை கல்யாண மாப்பிள்ளைகளுக்கு மட்டுமே கோட் தைத்து வந்தவர். பிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் ஒரு மாப்பிள்ளைதான், பெண் வீட்டார் இல்லாமல். பண்ருட்டி மாமா தன் பங்குக்குப் பலாச்சுளைகளை எவர்சில்வர் தூக்கில் அடைத்து, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். ஜூன் மாதம், நல்ல சீசன். பம்பாய் தாண்டுவதற்குள் விமானத்தில் என்னைச் சுற்றி நாலு வரிசைக்குப் பண்ருட்டி மணத்தது. பணிப்பெண் இரண்டு முறை வந்து, என்னைப் பார்க்காமல், மேலே இருந்த பெட்டி அடுக்கைப் பார்த்தார்.

தம்பி மகளின் ஏற்பாடுகள் வேறு மாதிரி. நான் பாஸ்போர்ட்டுக்குச் சென்னை சாஸ்திரி பவனுக்கு மூன்று முறை நடந்தேன். அவள் கடலூர் அஞ்சலகத்திலேயே வேலையை முடித்துவிட்டு வரும் வழியில் பானிபூரி சாப்பிட்டாள். அவளும் அண்ணாமலைதான், ஆனால் பொறியியல். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சிற்றூரில் இரண்டு வாரக் கோடைக்கால வகுப்பு, அங்கேயும் ஒரு ஹோஸ்ட் ஃபேமிலி. மூன்று மாதம் முன்பே நான்கு பக்கப் படிவம் வந்தது. எதனால் ஒவ்வாமை, நாய் இருந்தால் பரவாயில்லையா, எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், தனிமை எவ்வளவு வேண்டும். கடைசிக் கேள்வியை என் தம்பி மனைவி இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். "தனிமை எவ்வளவு வேணும்னா, கிலோ கணக்குலயா?"

அப்புறம் வீடியோவில் அறிமுகம். அந்த வீட்டு மாடிப்படி, குளியலறை, இவளுக்கான கட்டில், கட்டிலுக்கு மேலே ஜன்னல் எல்லாவற்றையும் எங்கள் குடும்பமே பார்த்தாகிவிட்டது. கூகுள் வரைபடத்தில் தெருவில் இறங்கி வாசல்வரை நடந்தும் வந்துவிட்டாள். அவர்கள் வீட்டு நாயின் பெயர் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். பால்காரர்கூட விசாரித்தார்.

என்னிடம் இருந்தது ஒரு தாள். அதில் ஒரு முகவரி.

பிராங்க்ஃபர்ட்டில் எங்களை அழைத்துப்போக ஒரு ஜெர்மன் மாணவர் வந்திருந்தார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் படிப்பவர். 1962-லிருந்து இயங்கும் இடம் அது. அவர் கை குலுக்கி ஏதோ சொன்னார். ஜெர்மன் என்று நினைத்து மையமாகச் சிரித்து வைத்தேன். திரும்பவும் சொன்னார். மூன்றாம் முறைதான் காதில் ஏறியது: "தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?" தமிழைத் தவிர வேறு எதையும் எதிர்பார்த்து நின்ற காதில் தமிழ் விழுந்தால் இப்படித்தான் ஆகும்.

"நல்லா இருந்துதுங்க" என்றேன்.

"உணவு உண்டீர்களா?"

"ஆச்சுங்க."

சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து அந்த 'ஆச்சுங்க'வைக் குறித்துக்கொண்டார். பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்று இரண்டு வருஷமாக வகுப்பில் தேர்வுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அது கோட்டு சூட்டு இல்லாமல் எதிரே வந்து நின்றபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கோட்டு என்னிடம் இருந்தது, வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே நம் ஊர் தை மாத வெயில்.

வீட்டம்மா வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். கணவர், நாலு வயதுப் பையன், தோட்டம், வாசலில் கார். நான் சிதம்பரம் கீழ சந்நிதியில் வாங்கி வந்த பித்தளை நடராஜரை எடுத்துக் கொடுத்தேன். நாலு கிலோ. இரண்டு கையாலும் வாங்கி, எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு டிவியின் மேல் வைத்தார்கள். பலாச்சுளையை முகர்ந்து பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு தோட்டத்து மேஜையில் வைத்தார்கள்.

சாப்பாட்டு மேஜைக்கு வருகிறேன். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ரொட்டி இருந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கு இருந்தது. டப்பாவில் அடைத்த பட்டாணி, ஜாம். வீட்டம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளைத் தூளை அளந்து போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கி எனக்கொரு கோப்பை நீட்டினார். பால் பவுடர். பையனுக்கும் அதே. ஒரு பச்சை இலை கிடையாது. எனக்குப் பகீர் என்றது. எங்கள் வீட்டில் பால்காரர் மாட்டை வாசலுக்கு ஓட்டி வந்து, நாம் பார்க்கப் பார்க்கக் கறந்து கொடுப்பார். தண்ணீர் கலந்துவிடுவார் என்று அம்மா பக்கத்திலேயே நிற்பாள். இங்கே குழந்தைக்குக்கூட ஒரு ஆழாக்குப் பால் வாங்க வழியில்லை. அப்படியானால் வாசலில் நிற்கும் கார்? கடனில் வாங்கியிருப்பார்கள். கடன் கட்டியே பாலுக்கு இல்லாமல் போயிருக்கும். நம் ஊரில் பார்க்காததா.

இந்த நிலைமையிலும் ஒருத்தனுக்குச் சோறு போடுகிறார்களே என்று தொண்டை அடைத்தது. வடலூர்தான், சந்தேகமில்லை. அந்தக் குடும்பத்தின் பாரத்தைக் குறைக்கும் பொருட்டு ஒரு உருளைக்கிழங்கோடு எழுந்துவிட்டேன். வீட்டம்மா முகம் வாடியது. சாப்பாடு பிடிக்கவில்லை என்று அவர் நினைக்க, அவருடைய வறுமை எனக்குத் தெரிந்துவிட்டதே என்று கூசுகிறார் என நான் நினைக்க, முதல் வேளை இவ்வாறாக முடிந்தது.

பையன்தான் எனக்கு முதல் வாத்தியார். கரண்டியைத் தூக்கிக் காட்டி "லோஃபல்" என்றான். சொன்னேன். தலையை ஆட்டி மறுபடி சொன்னான். உதட்டை எவ்வளவு குவிக்க வேண்டும் என்று வரைபடமே போட்டுக் காட்டக்கூடியவன் நான். எட்டாவது முறைதான் பாஸ் போட்டான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் கற்றார் என்பார்கள். கடனைத் திருப்பிக் கட்ட வந்தவன் மாதிரி நானும் பையனோடு தோட்டத்துக்குப் போனேன். அங்கே மரச் சட்டத்துக்குள் ஒரு மணல் மேடை, அவன் விளையாடுவதற்கென்றே. அதன் மேல் தார்ப்பாய் போர்த்தி நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது. நான் கல்லை எடுக்கக் குனிந்ததும் பையன் கையைப் பிடித்து இழுத்தான். "நைன்!" அந்தச் சொல்லுக்கு மட்டும் பயிற்சி தேவைப்படவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் மலைமேல் இருக்கும் கோட்டைக்குக் கூட்டிப் போனார். அவருக்கு ஓரளவு ஆங்கிலம் வந்தது. படி ஏறும்போதே மன்னிப்புக் கேட்கிற தொனியில் ஆரம்பித்தார். ஏப்ரல் 26-ம் தேதி செர்னோபிலில் அணு உலை வெடித்தது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தாண்டி மேகம் வந்தது, மழை பெய்தது. அதிலிருந்து கீரையைத் தொடவில்லை. புல் தின்ற மாட்டின் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கப் பயம். மணலில் விளையாட விடுவதில்லை. ஊரில் பாதிப் பேர் பால் பவுடர் வாங்கி அடுக்கிவிட்டார்கள். சைவம் சாப்பிடுபவர் வருகிறார் என்று கடிதம் வந்த நாளிலிருந்து மனைவி தூங்கவில்லை என்றார்.

செர்னோபில் பற்றி நானும் பேப்பரில் படித்திருந்தேன். கோட் அளவெடுத்துக்கொண்டிருந்த வாரம் அது. அவ்வளவாக மனதில் பதியவில்லை. ஆக, ஜெர்மனியில் இலை, தழை, பால் மூன்றுக்கும் பயந்து நடுங்கிய ஒரே கோடையைப் பார்த்து ஒரு சைவப் பிள்ளை போய் இறங்கியிருக்கிறான்.

"உங்கள் ஊர்ப் பக்கம் அணு உலை இருக்கிறதா?" என்று கேட்டார்.

"கல்பாக்கம். நூறு கிலோமீட்டர்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மத்தியானம் நான் அவரைப் பார்த்தேனே, அதே பார்வை. கணக்கு நேராகிவிட்டது.

கோட்டை பாதி இடிந்து நின்றது. ஒரு கோபுரம் பிளந்து, ஒரு பக்கச் சுவர் அப்படியே சரிந்து பள்ளத்தில் சாய்ந்திருந்தது. யார் இடித்தது என்று கேட்டேன். "பிரெஞ்சுக்காரர்கள். 1689-ல் ஒரு தடவை, 1693-ல் ஒரு தடவை."

"எங்க ஊர்க் கோட்டையையும் அவங்கதான் இடிச்சாங்க. 1758" என்றேன்.

நின்றுவிட்டார். தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டைக் கதையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். 1690-ல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் அதை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் உங்களுக்கு என்பது ஒப்பந்தம். இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. பிறகு பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தான், பிடித்தான், இடித்தான். மனிதர் அந்த நாளில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். என் தோளில் கை போட்டார். பொது எதிரி ஒருத்தன் இருந்தால் போதும், மொழி எதற்கு. அவர்கள் இடிந்த கோட்டைக்கு டிக்கெட் போட்டு, படம் அச்சடித்து விற்கிறார்கள்; நாம் நம்முடையதை ஆடுகளுக்கு விட்டுவிட்டோம். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

உள்ளே ஒரு திராட்சை மதுப் பீப்பாய். 1751-ல் செய்தது, சுமார் 2,20,000 லிட்டர் பிடிக்குமாம். அதன் மேல் ஏற மாடிப்படி இருக்கிறது. இடுப்பில் ஒரு பாட்டில் செருகியிருந்தாலே ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கும் ஊர்க்காரன், அதைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கும் வெயில் அடித்தது. இருட்டினால்தானே தூக்கம் வரும் என்று அறையில் காத்திருந்தேன். ஒன்பதரை தாண்டியும் இருட்டவில்லை. கீழேயிருந்து இடையிடையே ஓலம் மாதிரிக் கேட்டது. அப்புறம் ஒரேயடியாக நிசப்தம். இறங்கிப் போனேன். டிவி அணைந்திருந்தது. வீட்டம்மா தலையில் கை வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வந்து சோபாவில் குனிந்த தலை நிமிராமல் இருந்தார்கள். யாரோ தவறிவிட்டார்கள். என்ன உறவோ, எந்த வயசோ. நானும் ஒரு நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து கால் மணி நேரம் தரையைப் பார்த்தேன். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து மாடிக்குப் போனேன். தலைக்குக் குளிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

காலையில் தெரிந்தது. ஜூன் 13. மெக்சிகோவில் உலகக் கோப்பைக் கால்பந்து. டென்மார்க் இரண்டு கோல், மேற்கு ஜெர்மனி ஒன்றுமில்லை. அவ்வளவு நேரமும் அந்த டிவியின் மேல் இடது காலைத் தூக்கியபடி நின்றிருந்தவர் நான் கொண்டுபோன நடராஜர்.

'பத்திரமாக வந்து சேர்ந்தேன்' என்று அடித்த தந்தி மூன்றாம் நாள் கடலூர் போனது. எங்கள் தெருவில் தந்தி என்றால் ஒரே அர்த்தம்தான். பிரித்துப் படிப்பதற்கு முன்பே அம்மா அழுது முடித்துவிட்டாளாம். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது எல்லாரும் வருத்தப்பட்டார்கள். அம்மா மட்டும் "தொலஞ்சுது" என்றாள். தந்தி அடித்த அன்றிரவு நான் எழுதிய கடிதம் பன்னிரண்டு நாள் கழித்துப் போனது. அதில் இப்படி எழுதியிருந்தேன்: 'இங்கே பால், தயிர், காய்கறிக்குக் குறைவே இல்லை. வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிடுகிறேன்.'

எழுதி முடித்துவிட்டு, கதவைச் சாத்தி, இட்லிப்பொடி பாட்டிலைத் திறந்து நாலு வாய் வெறும் பொடியாகத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

தம்பி மகள் போய் இறங்கிய நாள் 2024 ஜூலை 5. அவளிடமும் ஒரு நடராஜரைக் கொடுத்தனுப்பப் பார்த்தேன். பரிசு கொண்டு வரலாமா என்று முன்கூட்டியே கேட்டிருக்கிறாள். வீட்டில் பொருள்களைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம், நீ வந்தால் போதும் என்று பதில் வந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. அன்றைக்கு ஸ்டுட்கார்ட்டிலேயே ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து, ஸ்பெயின் இரண்டு, ஜெர்மனி ஒன்று, கூடுதல் நேரத்தில். சாமி பேராவது தப்பித்தது. எங்கள் குடும்பத்தாருக்குக் கோடையில் விசா கொடுப்பதைப் பற்றி அந்த நாடு யோசிக்கலாம்.

அவளுக்கு வேறு சிக்கல். எங்கள் வீட்டுச் சைவம் என் தலைமுறையோடு சரி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இல்லையென்றால் அவளுக்கு அது ஞாயிறே இல்லை. படிவத்தில் 'எல்லாம் சாப்பிடுவேன்' என்று எழுதியிருந்தாள். அவர்களோ, 'நாங்கள் வீகன், சம்மதமா?' என்று கேட்டிருக்கிறார்கள். வீகன் என்றால் சைவத்துக்கு ஸ்டைலான பெயர் என்று நினைத்துச் சம்மதம் சொல்லிவிட்டாள். போன பிறகுதான் விவரம். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, தேன்கூட இல்லை. வள்ளலார் சொன்ன ஜீவகாருண்யத்தை ஸ்டுட்கார்ட்டில் கடைப்பிடிக்கிறார்கள். வடலூர்க்கார மாவட்டத்துப் பெண் கோழிக்கு ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இறங்கி இரண்டு மணி நேரத்தில் எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

'பெரியப்பா, இங்க பாலே கெடயாது. ஓட்ஸ அரச்சு அதுல டீ போடறாங்க. அம்மாட்ட சொல்லிடாதீங்க.'

நம் நேரத்துக்கு நடு ராத்திரி தாண்டி வீடியோவில் வந்தாள். கூடத்தில் எல்லாரும் விழித்திருந்தோம்.

"என்னடி சாப்ட்ட?"

"பாஸ்தாம்மா. செம்மயா இருந்துது. ஃபுல்லு."

அவளுக்குப் பின்னால் மேஜை. மேஜையில் விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று, மூடி திறந்து, உள்ளே ஒரு கரண்டி நின்றுகொண்டிருந்தது. சிவப்பாகப் பொடி. அவளுடைய அம்மாவுக்குக் கண்ணாடி இல்லை. தம்பி தூக்கக் கலக்கத்தில் இருந்தான்.

என் கடிதத்துக்கு அம்மா போட்ட பதில், நான் ஊர் திரும்பப் பெட்டி கட்டும் நாளில்தான் ஹைடல்பெர்க் வந்து சேர்ந்தது. 'அந்த ஊர்ப் பால் கெட்டியாக இருக்குமாமே. ராத்திரி ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் படு' என்று எழுதியிருந்தாள்.

"அந்த ஊர்ல பாலு நல்லா இருக்கும்டி" என்றாள் தம்பி மனைவி, திரைக்கு நெருங்கி வந்து. "சங்கோஜப்படாம கேட்டு வாங்கி, ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் படு."

"சரிம்மா" என்றாள். சொல்லிவிட்டு ஒரு விநாடி என் பக்கம் பார்த்தாள். நான் டிவி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தேன்.